பெத்தியாகொட சேரின்ர குரல்

தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ, இந்த இடது காலை ஒருக்கா உங்கட பக்கம் நீட்டட்டோ? இல்லை இல்லை, நீங்கள் எழும்பத் தேவையில்லை, பையை மட்டும் கொஞ்சம் தள்ளுங்கோ. ஆ, காணும், இவ்வளவு போதும். கொழும்புக் கோட்டையில ஏறேக்க மடக்கின கால். முன் சீற்றுக்கும் எனக்கும் இடையில இறுகிப்போச்சுது. யாழ்ப்பாணத்தில ஆரும் இழுத்துத்தான் எடுக்கவேணும்.

ஆறடி ஒண்டரை அங்குலம். நீங்கள் கேக்கமுதல் நானே சொல்லிப்போடுறன். அடுத்தது 'பாஸ்கற்போலோ?' எண்டு கேப்பியள். இல்லை. நெட்போல்.

பள்ளிக்கூடத்தில விளையாடினனீங்களோ? அப்ப சுகம், விளங்கப்படுத்தத் தேவையில்லை. விளையாடேல்லையோ? சரி, கெதியாச் சொல்லுறன். வளையத்துக்குப் பின்னால பலகை இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஏலாது. பிடிச்சா பிடிச்ச இடத்தில நிக்கவேணும், மூண்டு செக்கனுக்குள்ள எறிஞ்சுபோட வேணும், இல்லாட்டி விசில். ஏழு பேர், ஏழு பேருக்கும் நெஞ்சில எழுத்து ஒட்டியிருக்கும். அந்த எழுத்துக்கு எந்த இடமோ அதுக்குள்ளதான் நிக்கலாம். நான் கோல் கீப்பர். மைதானத்தை மூண்டாப் பிரிச்சா கடைசிப் பங்கு எனக்கு. கோட்டைத் தாண்டினா விசில். எங்கட பிள்ளையள் அந்தப் பக்கம் கோல் அடிச்சுக் கட்டிப்பிடிக்கேக்க நான் இந்தப் பக்கம் தனிய நிண்டு கை தட்டுவன். பதினெட்டு வருசம்.

இப்ப மணி என்ன? மூண்டு பத்தோ? ரெயினை எப்ப எடுக்கிறானாம்? மாடு குறுக்க போட்டுதாம். மாட்டை விலத்த இவ்வளவு நேரமோ. இது ஓமந்தைக்குக் கிட்டவெல்லே. உப்பிடியே நிண்டா நாலு மணி இஞ்சயே வந்திடும்.

இல்லை, நாலு மணிக்கு எனக்கொரு போன் வரும். அதுதான் யோசனை. ரெண்டு மணிக்கு வீட்டை போயிருந்தா இதை நிப்பாட்டிப்போட்டுப் பேசாமல் இருந்திருப்பன்.

இது என்ர போன். இந்தச் சின்னப் பட்டன் போன் பெத்தியாகொட சேரின்ர. ஐயோ, களவெடுக்கேல்லை தங்கச்சி. பொறுங்கோ, ஒழுங்காச் சொல்லுறன். நேரம் கிடக்குத்தானே. இறால் வடை எடுங்கோ, சூடு ஆறிப்போச்சுது, ஆனா இறால் பெரிசு.

கொழும்பில ஒரு கம்பனி. இன்சூரன்ஸ். பேர் வேண்டாம். இருபத்திரண்டு வயசில என்னை எடுத்தவை. படிப்புக்கு இல்லை, உயரத்துக்கு. கம்பனியளுக்கிடையில நெட்போல் போட்டி நடக்கும், வங்கியள், இன்சூரன்ஸ்காரர், பிஸ்கட்காரர், எல்லாரும் ரீம் வைச்சிருப்பினம். என்ர மேசை ஸ்டேஷனரி அலுமாரிக்குப் பக்கத்தில. மேல் தட்டில ஃபைல் எடுக்க அந்தக் காரியாலயத்தில ஏணி இல்லை. நான் இருக்கிறன்தானே. காலமை ஃபைல் எடுத்துக் குடுப்பன், பின்னேரம் பந்து தடுப்பன். ரெண்டும் ஒரே வேலைதான், கையை மேல தூக்கிறது.

நியமனக் கடிதத்திலயே கிடக்குது: விளையாடுற காலம் முழுக்கத் தலைமைக் காரியாலயம். விளையாட்டிலயிருந்து விடுவிச்சாப் பிறகுதான் ஊர்க் கிளைக்கு ட்ரான்ஸ்பர். நானா விட்டா வேலையும் போகும். அவை விட்டா வேலையோட யாழ்ப்பாணம் வரலாம். விடுறதோ விடாததோ எண்டு கையெழுத்து வைக்கிறவர் எங்கட விளையாட்டுக் கழகச் செயலாளர். அவர்தான் பெத்தியாகொட சேர்.

அவரை உங்களுக்குக் காட்ட வேணும். பாருங்கோ. முதல் தொண்டை. ஹ்ம், ஹ்ம். ரெண்டு தரம், மூண்டு இல்லை. பிறகு கண்ணாடியைக் கழட்டுவார். கழட்டினதை லைட்டுக்கு நேர பிடிச்சுப் பாப்பார். நீங்கள் நினைப்பியள், ஓ, இந்த முறை ஓம் எண்டு சொல்லப்போறார் எண்டு. அப்ப சொல்லுவார்: "பெனி, இந்த சீசன் மட்டும் நே."

சிரிக்கிறியள். அவரை ஒருநாளும் காணாத நீங்களே சிரிக்கிறியள். என்ர குரல் பிறப்பிலேயே தடிச்ச குரல், அது ஒரு வசதி. ஆனா குரல் ஆருக்கும் வரும் தங்கச்சி. அந்தக் கண்ணாடிக்கும் அவரின்ர சிங்கள 'நே'க்கும் இடையில ஒரு இடைவெளி இருக்குது பாருங்கோ, அதைப் பிழையா விட்டா ஆள் வராது.

பெனியெண்டது நான்தான். பெனடிக்ரா. ஊர் இளவாலை. என்ர புருசன் கிளெமென்ற், தண்ணிப் பம்ப் திருத்துற கடை வைச்சிருக்கிறார். மகள் ஷெறின், பதினாலு. இவரின்ர தமக்கை பக்கத்து வளவு, அவதான் பாக்கிறா. நான் கொழும்பில, வெள்ளவத்தையில ஒரு அறையில. கட்டில் ஆறடி. நான் ஆறடி ஒண்டரை அங்குலம். சொன்னனெல்லோ.

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வீட்டை போவன். போனா என்ன கதை தெரியுமோ? இவர் கேப்பார், "ரெயின் பிந்தியோ?" நான், "ஓம், கொஞ்சம்." அவர், "குழம்பு காணுமோ?" நான், "காணும்." முடிஞ்சுது. ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஏத்திவிடேக்க, "சேர் என்னவாம்?" நான், "இந்த சீசன் மட்டுமாம்." அவர் தலையாட்டுவார். பம்போட கதைக்கிறது கூட. பழுதான பம்புக்கு முன்னால குந்தியிருந்து, "என்னடா உனக்கு, எங்க நோகுது?" எண்டு கேப்பார். காதால கேட்டனான்.

சரி, விளையாட்டுக் கதைக்கு வாறன். எனக்கு ஏன் இவ்வளவு மவுசு எண்டு நினைக்கிறியள்? உயரமெண்டா இப்ப கனபேர் இருக்கினம். எனக்கெண்டு ஒரு வேலை இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.

ஒரு வங்கி ரீமில டில்ஹானி எண்டு ஒரு ஷூட்டர். தடிமன் பிடிச்ச மாதிரிக் குரல். நான் அவவுக்குப் பின்னால நிக்கிறன். அவவின்ர ரீம்காரி பந்தைப் பிடிச்சுக்கொண்டு ஆருக்கு எறியிறதெண்டு பாக்கிறா. ஒரு செக்கன். ரெண்டு செக்கன். அந்த நேரம் பாத்து நான் டில்ஹானியின்ர மூக்கால, "மெஹே, மெஹே" எண்டன். அதுதான், இஞ்ச இஞ்ச. எறிஞ்சா பாருங்கோ உயரமா, எனக்கு நேர, பரிசு தாற மாதிரி. நான் பிடிச்சன். டில்ஹானி திரும்பிப் பாக்கிறா. எறிஞ்சவள் டில்ஹானியைப் பாக்கிறாள். அம்பயர் ரெண்டு பேரும் ஆளையாள் பாக்கினம். காலைப் பற்றிச் சட்டமிருக்குது, கையைப் பற்றிச் சட்டமிருக்குது, தொண்டையைப் பற்றி அவைக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ரீமிலயும் ஒரு ஷூட்டரை வீட்டை கொண்டுபோவன். குரலைத்தான். அறைக்குள்ள கதவைப் பூட்டிப்போட்டுப் பழகுவன். மட்சில ரெண்டு தரம், கூடினா மூண்டு தரம். பேராசைப்பட்டா பிடிபடுவம்.

அதாலதான் விடுறாரில்லை, அந்த மனுசன். விடுவாரோ?

ஆனா போன வருசம் மாசி மாசம் தானாக் கூப்பிட்டார். ஹ்ம், ஹ்ம். "பெனி, புதுப் பிள்ளை ஒண்டு வந்திருக்கு. நீ பழக்கு. அவள் ரெடி எண்டா நான் லெட்டர் சைன் பண்ணுறன்." கண்ணாடியைக் கழட்டவே இல்லை. மெய்யாத்தான் சொன்னவர்.

ஹன்சமாலி. ஊர் குருணாகல். ஆறடி ரெண்டு. பாவம், நல்ல பிள்ளை, அக்கே அக்கே எண்டு பின்னால திரிவாள். எனக்கு வடை வேண்டித் தருவாள். நான் எல்லாம் படிப்பிச்சன் தங்கச்சி. எங்க நிக்கிறது, எப்ப பாயிறது, மூண்டடி விட்டு எப்பிடிக் கையை நீட்டுறது. குரல் வேலையைத் தவிர. அது ஆளாளுக்குப் பிறவியில வாறது, படிப்பிக்கிற விசயமில்லை.

பங்குனியில சேர் ஒரு பரீட்சை வைச்சார். முதல் ரீமுக்கு அவள் கீப்பர். ரெண்டாம் ரீமில என்னை ஷூட்டராப் போட்டு அவளுக்கு முன்னால நிப்பாட்டினார். கதை என்ன? அவள் என்னைத் தடுத்தாச் சரி, நான் வீட்டை போகலாம். நான் சும்மா நிண்டாலே காணும்.

சும்மா நிண்டன் தங்கச்சி. சத்தியமா முதல் பத்து நிமிசமும் சும்மாதான் நிண்டன். அவள் நாலு பந்து தட்டினாள். சேர் தலையாட்டுறார். ஆக்கள் கை தட்டினம். 'பெனியைவிடத் திறம்' எண்டு ஆரோ சிங்களத்தில சொன்னது காதில விழுந்தது. பகிடிக்குச் சொல்லியிருப்பினம்.

அடுத்த பந்து அவளின்ர கையில. ஆருக்கு எறியிறதெண்டு பாக்கிறாள். ஒரு செக்கன், ரெண்டு செக்கன். என்ர வாயிலயிருந்து அவையின்ர டிஃபென்ஸ்காரியின்ர குரல் வந்திட்டுது. நான் கூப்பிடேல்லை, வந்திட்டுது. பிள்ளை எனக்கு நேர எறிஞ்சிட்டாள். பந்து கைக்குள்ள வந்தா என்ன செய்யிறது? போட்டன். பிறகு ரெண்டாந்தரம். பிறகு மூண்டாந்தரம். அண்டைக்கு எட்டுத் தரம். எட்டு, நான் என்ர வாழ்நாளில ஒரு மட்சில எட்டுச் செய்ததில்லை. கடைசியில அவள் ஆர் கூப்பிட்டாலும் எறியப் பயந்து பந்தோட அப்பிடியே நிண்டாள். விசில்.

உடுப்பு மாத்துற அறையில அழுதாள். நான்தான் கட்டிப்பிடிச்சுச் சொன்னன், "அழாத பிள்ளை, உனக்கு இது சரிவராது, வேற இடம் பார்." அவளின்ர நன்மைக்குத்தான். அடுத்த கிழமை வேற கம்பனிக்குப் போட்டாள்.

சேர் என்ன செய்தார் எண்டு நினைக்கிறியள்? ஹ்ம், ஹ்ம். கண்ணாடி. லைட்டுக்கு நேர. "பெனி, இந்த சீசன் மட்டும் நே."

பாருங்கோ அநியாயத்தை. எனக்குப் பதிலா ஒருத்தியைப் பிடிக்கத் தெரியாத ஒரு மனுசன். அதுக்கு நான் கிடந்து சாகவேணும். அவளுக்கு முதல் வந்த ரெண்டு பிள்ளையளும் இதே மாதிரித்தான், நிக்கேல்லை.

வீட்டை போன் எடுத்துச் சொன்னன். இவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "சேரின்ர நம்பரைத் தா" எண்டார். "என்னத்துக்கு?" "தா." காரியாலய நம்பரைக் குடுத்தன். எடுக்கமாட்டார் எண்டு நினைச்சன். எங்கட ஆள் பள்ளிக்கூட அதிபருக்கே போன் எடுக்க வெக்கப்பட்டுத் தமக்கையைக் கொண்டு கதைப்பிக்கிறவர்.

சித்திரை, முதல் வெள்ளி, பின்னேரம் நாலு மணி. சேர் மைதானத்துக்குப் போட்டார். எனக்கு அண்டைக்கு முழங்கால் வீக்கம், போகேல்லை. சேர் இல்லாத நேரம் அவரின்ர லைன் என்ர மேசைக்கு விழும். எடுத்தன்.

"ஹலோ. மிஸ்டர் பெத்தியாகொட?"

எங்கட ஆள். ஆனா வேற மாதிரி. கலியாண வீட்டுக்குப் போற சேட்டைப் போட்டு மேல் பொத்தானையும் பூட்டிப்போட்டுக் கதைக்கிற மாதிரி ஒரு குரல்.

முதல் செக்கன், "இஞ்சேருங்கோ, நான்தான்" எண்டு சொல்ல வாயைத் திறந்தன். ரெண்டாவது செக்கன், சிரிப்பு வந்துது. மூண்டாவது செக்கன், தொண்டை தன்ர பாட்டில செருமிச்சுது. ஹ்ம், ஹ்ம். "யெஸ். பேசுங்கோ நே."

ஒரு பகிடி. ஒரு நிமிசத்தில சொல்லிச் சிரிச்சிருப்பன். ஆனா அவர் தொடங்கிட்டார்.

"சேர், நான் கதைக்கத் தெரியாத ஆள். எழுதி வைச்சுக்கொண்டுதான் கதைக்கிறன். பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ." கடதாசிச் சத்தம் கேக்குது. "ஒண்டு. மகளுக்கு இந்த வருசம் பதின்மூண்டு. சில விசயம் தகப்பனிட்டக் கேக்கமாட்டாள். ரெண்டு. பெனடிக்ராவுக்கு வலது முழங்கால் சரியில்லை. அவ சொல்லமாட்டா. கிணத்துக்கட்டால இறங்கேக்க தூணைப் பிடிக்கிறா, நான் கண்டனான். மூண்டு."

கடதாசிச் சத்தம் நிண்டிட்டுது.

"மூண்டும் எழுதியிருக்குது சேர். வாசிக்க ஏலாமல் கிடக்குது."

இப்ப நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி. அந்த நேரம் நான் எப்பிடி என்ர குரலில கதைக்கிறது? அந்த மனுசன் பதினைஞ்சு வருசமா எனக்குச் சொல்லாததை எழுதி வைச்சு ஆரோ ஒரு பெத்தியாகொடவுக்கு வாசிக்குது. 'அது நான்தானப்பா' எண்டா வெக்கத்தில செத்துப்போகுமெல்லோ. அதால ஹ்ம், ஹ்ம் எண்டன். மேசையில கிடந்த குண்டூசிப் பெட்டியை லைட்டுக்கு நேர தூக்கிப் பாத்தன். கண்ணாடிக்குப் பதிலா. கையில ஏதும் இல்லாட்டி அந்த இடைவெளி வராது. "மிஸ்டர் கிளெமென்ற், எனக்கு விளங்குது. ஆனா இந்த சீசன் மட்டும் நே."

"தாங்க்யூ சேர்" எண்டார். என்னத்துக்குத் தாங்க்யூ? ஒண்டும் குடுக்கேல்லையே.

அதோட விட்டிருக்கலாம். நான்தான், மனம் கேக்காமல், "மாசம் மாசம் முதல் வெள்ளி நாலு மணிக்கு எடுங்கோ, என்ர பிரத்தியேக நம்பர் தாறன்" எண்டிட்டன். பிறகு ஓடிப்போய் இந்தப் பட்டன் போனை வேண்டினன்.

பதினாலு மாசம். ஒரு வெள்ளி தவறேல்லை. மகள் முதன்முதல் தனியப் பஸ்ஸில போனது, கிணறு இறைச்சது, ஒரு கிழவன்ர பம்பை ஏழுதரம் திருத்தினது, கடையில தனிய இருக்கேக்க மழை பெஞ்சா என்ன மாதிரி இருக்குமெண்டது, எல்லாம் சேருக்குச் சொல்லுவார். பகிடி விடுவார் தங்கச்சி. எங்கட ஆள் பகிடி விடுவார் எண்டு எனக்குத் தெரியாது. நான் சேரின்ர சிரிப்புச் சிரிக்கிறதா என்ர சிரிப்புச் சிரிக்கிறதா எண்டு தெரியாமல் வாயைப் பொத்துவன். அடுத்த கிழமை வீட்டை போனா, "ரெயின் பிந்தியோ?" "ஓம், கொஞ்சம்."

வெகுளி மனுசன். சேருக்கு ஒருக்கா என்னட்டப் பார்சல் தந்துவிட்டார். திறந்து பாத்தா எள்ளுப்பாகு, மோர்மிளகாய், முழங்காலுக்குப் பூசிற எண்ணெய் ஒரு போத்தில். சிங்கள ஆளுக்கு ஆரும் எள்ளுப்பாகு குடுப்பினமோ? அது எனக்குப் பிடிச்சதெல்லோ. மாறித் தந்திட்டார். எண்ணெய்க்கு என்ன சொன்னார் தெரியுமோ? "சேருக்கும் முழங்கால் இருக்கும்தானே." வீணாக்கக்கூடாதெண்டு நான் பூசினன். கேக்குது, நல்லாக் கேக்குது.

இன்னொருக்கா போனை வைக்கேக்க, "சேர், மழைக்காலம், குடையை மறந்திட்டுப் போகாதேங்கோ" எண்டார். கொழும்பில கார் வைச்சிருக்கிற மனுசனுக்கு. நான் என்ன சொல்ல, "சரி நே" எண்டன்.

ஒவ்வொரு முறையும் கேப்பன், "மிஸ்டர் கிளெமென்ற், அண்டைக்கு அந்த மூண்டாவது என்ன?" "அது கிடக்கட்டும் சேர்" எண்டுடுவார்.

மணி? மூண்டு நாப்பதோ. சரி, மிச்சத்தையும் சொல்லுறன்.

இந்த வருசம் சித்திரையில இறுதிப் போட்டி. மற்றப் பக்கம் ஆர் நிக்கிறா? ஹன்சமாலி. அவையின்ர ரீமில அவளை ஷூட்டராப் போட்டிருக்கினம். ஆறடி ரெண்டு, எனக்கு முன்னால. "அக்கே, கொஹொமத?" எண்டு சுகம் விசாரிச்சாள். நல்ல வளர்ப்பு.

கடைசி நிமிசம், சமநிலை. பந்து எங்கட பக்கம் வெளியில போய், கோட்டுக்கு வெளியில நிண்டு எங்கட பிள்ளை எறியவேணும். இப்ப ஒண்டு சொல்லவேணும். எங்கட ரீமில தமிழ் நான் ஒருத்திதான். அவசரத்துக்கு என்ர வாயில சிங்களம் வராது. "எனக்கு" எண்டுதான் கூப்பிடுவன். பதினெட்டு வருசப் பழக்கம், "எனக்கு" எண்டு கேட்டா எங்கட பிள்ளையள் நிமிந்தும் பாக்காயினம், எறிஞ்சு போடுவினம்.

எறியப்போறாள். ஒரு செக்கன். ரெண்டு செக்கன்.

"எனக்கு."

நான் கூப்பிடேல்லை, தங்கச்சி. என்ர வாய் மூடியிருக்குது. எனக்குப் பின்னால என்ர குரல் கேக்குது. அச்சொட்டா. தடிப்பு, அவசரம், கடைசி எழுத்தை விழுங்குறது, எல்லாம். அந்தக் குருணாகல் பிள்ளைக்கு வேற ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. பந்து என்ர தலைக்கு மேலால போச்சுது. போட்டாள். விசில். முடிஞ்சுது.

சட்டமெண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிறது? நான் கேக்கலாமோ?

கோவமோ? இல்லை. ஒரு நிமிசம் அந்தரமா இருந்தது, அவ்வளவுதான். என்ர குரல் நான் இல்லாமல் அங்கால நிண்டு கூப்பிடுது. அதுக்கு நான் தேவையே இல்லை. அவளிட்டப் போய்ச் சொன்னன், "இடைவெளி திறம்" எண்டு. அவளுக்கு விளங்கேல்லை.

ரெண்டு கிழமையால சேர் கூப்பிட்டார். தொண்டை செருமேல்லை. கண்ணாடி கழட்டேல்லை. "பெனி, லெட்டர் சைன் பண்ணியாச்சு." ஒரு இடைவெளியும் இல்லாமல். எனக்கு அந்த ஆளைத் தெரியவே இல்லை.

இந்தா கிடக்குது. யாழ்ப்பாணக் கிளை, ஆடி முதலாம் திகதி, அதுவரைக்கும் லீவு. மூண்டு கிழமையா இந்தப் பைக்குள்ள கிடக்குது.

இல்லை, இன்னும் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? நான் சொன்னா, "ஓம், அப்ப சரி" எண்டுவார். "குழம்பு காணுமோ?" எண்டுவார். சேர் சொன்னாத்தான் அந்த மனுசன் சந்தோசப்படும், ரெண்டு வார்த்தை கதைக்கும். பதினாலு மாசம் கெஞ்சினதெல்லோ, சேரின்ர வாயால கேக்கத்தான் நியாயம். ஆனா சொன்னா அதோட சேரின்ர வேலை முடிஞ்சுது. சேர் போனா...

விடுங்கோ. எனக்குத் தலைக்குள்ள இதுதான் ஓடுது, ரெயின் நிண்டாலும் ஓடுது. வீட்டை போகவேணும் போகவேணும் எண்டு பதினெட்டு வருசம். இப்ப இந்தச் சீற்றிலயிருந்து எழும்பச் சொன்னாக்கூடக் கால் வராது.

பாத்தியளோ, அடிக்குது. நாலு மணி. மனுசன் மணிக்கூடு. நீங்கள் சத்தம் போடாதேங்கோ. கச்சான் கடலை விக்கிற பொடியன் கூவிக்கொண்டு வந்தா கையைக் காட்டி அங்கால போகச் சொல்லுங்கோ. இந்தப் பேனையைத் தாங்கோ ஒருக்கா, கையில ஏதும் வேணும்.

ஹ்ம், ஹ்ம்.

யெஸ், மிஸ்டர் கிளெமென்ற். சுகம் நே? நானும் சுகம்... இல்லை, சத்தமோ, அது காரியாலயத்தில ஏசி வேலை... மிஸ்டர் கிளெமென்ற், ஒரு நல்ல செய்தி. லெட்டர் சைன் பண்ணியாச்சு. பெனி வருது. இண்டைக்கு ரெயின்ல வருது. இனித் திரும்பி வராது நே.

...

ஹலோ? ... ஓம், கேக்குது.

...

ஓம். ... ஓம்.

...

ஹ்ம். ஹ்ம். அது... இந்த நம்பருக்கே எடுங்கோ நே. முதல் வெள்ளி. நாலு மணி. ஓம், எனக்கொரு கரைச்சலுமில்லை. ... சரி. ... ஆ? ... சரி நே. வைக்கிறன்.

இந்தாங்கோ உங்கட பேனை.

ஒண்டும் இல்லை தங்கச்சி. தண்ணி இருக்குதோ? காணும்.

முதல், "கேக்குதோ சேர்?" எண்டார். பிறகு அந்தக் கலியாண வீட்டுக் குரலில சொல்லுறார், "சேர், மூண்டாவது என்னெண்டு கேட்டனீங்களெல்லோ. மூண்டாவது, வீட்டில எனக்கு அவவோட கதைக்க வருகுதில்லை. உங்களோடயெண்டா வருகுது. அவ வந்தா சந்தோசம் சேர். ஆனா இனி நாலு மணிக்கு நான் ஆரோட கதைக்கிறது?"

பந்து கையில. ஒரு செக்கன், ரெண்டு செக்கன். என்ர பேரைச் சொல்லியிருக்கலாம், வாயில வந்துது. பிறகு நீங்கள்தான் கேட்டியளே, என்ன வந்ததெண்டு.

அப்ப இனியும் இதுதான். வீட்டுக்குள்ள நான், பொக்கற்றுக்குள்ள சேர். எங்க ஒளிச்சு நிண்டு கதைக்கிறதெண்டு பாக்கவேணும்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? சிரிக்கிறியளோ அழுறியளோ?

இல்லை, பாவம், மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. பதினாலு மாசமா ஒரு சொட்டுச் சந்தேகம் இல்லை. கொழும்பில ஆறு ரீமை ஏமாத்தின குரலெல்லோ. ஆனா வயசு போகுது போல கிடக்குது, கடைசியா வைக்கேக்க சம்பந்தமில்லாமல் ஒண்டு சொன்னார் பாருங்கோ. "சேர், எங்கட வளவில வேற இடத்தில சிக்னல் வடிவா இருக்காது. கிணத்தடியிலதான் கேக்கும். நாலு மணிக்கு நான் அந்தப் பக்கம் வரமாட்டன்" எண்டு.

கொழும்பில இருக்கிற மனுசனுக்கு எங்கட கிணத்தடியில சிக்னல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? சொல்லுங்கோ பாப்பம்.

ஆ, எடுத்திட்டான். மாடு போட்டுது. கொஞ்சம் அந்தக் காலை மடக்கட்டோ, தங்கச்சி.